ஏணியைப் பிடித்திருக்க வேண்டிய கைகள்

என் மச்சினன் பழனி ஏணியிலிருந்து கீழே விழுந்தபோது நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஏறியிருந்த ஏணியைப் பிடிக்க வேண்டியவன் நான்தான்.

பிள்ளைகளே, இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஜனைக்கு வந்து என் முன்னால் உட்காருகிறீர்கள். "சாமி மாமா" என்று கூப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசுகிறது. பெரியவர்களுக்கெல்லாம் இந்தக் கதை தெரியும். உங்களுக்கு நானே சொல்வதுதான் முறை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவன் நான், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழனி என் மனைவி செல்வியின் தம்பி. அவனுக்கும் எனக்கும் நம் மலையில் ஒரே காப்பி எஸ்டேட்டில் வேலை. மாசி மாதம் மிளகு பறிப்பு. காப்பிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி உச்சி வரை ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைக்க இடம் விட்டுச் செய்த ஏணியைச் சாத்தி ஏறுவோம். ஒருவன் ஏறுவான், ஒருவன் அடியில் பிடிப்பான். ஏறியவன் மேலே போனதும் ஏணித் தலையைக் கயிற்றால் மரத்தோடு கட்டிக்கொள்வான். இறங்கும்போது கட்டை அவிழ்ப்பான். அதிலிருந்து அவன் உயிர் கீழே இருப்பவன் கையில். ஏறியவன் காலில் மண் படும்வரை பிடித்தவன் கையை எடுக்கக் கூடாது. வேலைக்குச் சேரும் முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தரும் சட்டம் இது.

அந்த வருடம் தை மாதத்தில் நான் ஒரு விரதம் எடுத்திருந்தேன். நல்ல நினைப்பில்தான் எடுத்தேன். கோயிலுக்குப் போனால்தான் சாமி என்று இல்லாமல், வேலைக்கு நடுவிலும் சாமி நினைப்பு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நம் மாரியம்மன் கோயிலில் உச்சிப் பூஜைக்குக் கரண்டு மேளமும் மணியும் போடுவார்கள் அல்லவா, அது எஸ்டேட் வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கே இருந்தாலும் வேலையை நிறுத்தி, தலைக்கு மேல் கை கூப்பிக் கும்பிட வேண்டும். ஒரு மண்டலம், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

என் மகள் மலருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவள் அப்போது ஆறாவது படித்தாள். பள்ளிக்கூடத்தில் மணிச் சத்தம் கேட்டால் பெஞ்சிலிருந்து எழுந்து கும்பிடுவாள்.

முதல் சில நாள் மனசு நிஜமாகவே குளிர்ந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், நான் சாமியைக் கும்பிடுவதை விட்டு, ஒரு நாளும் தவறாத என்னையே கும்பிட ஆரம்பித்தேன். டீக்கடையில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னேன். எஸ்டேட்டில் எனக்குச் சாமியார் என்று பேர் வந்தது. கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்கும் ராசாத்தி அக்கா கேலி செய்வார்.

"எங்கூட்டு மனுசனும் விரதக்காரருதான். சோத்துச் சட்டி சத்தங் கேட்டா எங்கிருந்தாலும் வந்துருவாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

பழனிக்கு அந்த வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தோம். பெண்ணுக்குப் பக்கத்து ஊரான கொட்டச்சேடு. அவன் ஏணியில் காலை வைக்கும்போதெல்லாம் திரும்பிச் சொல்வான்.

"ஏனுங்க மாமா, நான் எறங்குன பொறவு கும்பிடுங்க. எனக்கு இன்னும் கண்ணாலம் ஆவுல."

"ஏறுடா, ஏறு. சாமி இருக்குது" என்பேன்.

அன்று வியாழக்கிழமை. மற்ற நாட்களில் மணி அடிக்கும்போது ஏணி மேலே கட்டியிருக்கும், இல்லையென்றால் அவன் கீழே இருப்பான். அன்று அவன் பை நிறையப் பறித்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து, "வாரேனுங்க மாமா" என்று குரல் கொடுத்தான். இரண்டு கணு இறங்கினான். மணி அடித்தது.

எனக்கு மேலே பழனியின் பாதம் தெரிந்தது. காதில் மேளம் கேட்டது. ஒரு நாள் தவறிப்போகுமே என்றுதான் தோன்றியது. ஒரு நிமிஷம்கூட இல்லை, சும்மா கையெடுத்துவிட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கையை எடுத்தேன். கண்ணையும் மூடினேன்.

சரிவில் காய்ந்த சில்வர் ஓக் இலை மெத்தை மாதிரி கிடந்தது. மூங்கில் அதில் வழுக்கிப் புரண்டது. நான் கண்ணைத் திறந்தபோது பழனி தரையில் கிடந்தான். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த வரிசையில் இருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். "என்னாச்சு, என்னாச்சு?" என்றார்கள். யோசிப்பதற்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது.

"கால் வழுக்கிருச்சுங்க."

பிள்ளைகளே, கையை எடுத்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய வெட்கம். அதை அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அறிந்தே செய்தேன்.

கம்பளியில் போட்டுத் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். அடிவாரம் வந்து சேருவதற்குள் ஒவ்வொரு வளைவிலும் அவன் முனகினான். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வீக்கம் குறைந்த பிறகுதான் நடப்பானா மாட்டானா என்று சொல்ல முடியும் என்றார்.

பழனிக்கு விழுந்தது எப்படி என்று ஞாபகமே இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நாந்தானுங்க காலத் தப்பா வெச்சுட்டேன்" என்று சொன்னான். நான் சொன்னதைத்தான் அவன் திருப்பிச் சொன்னான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து வருடமாக மரம் ஏறுகிறவனுக்கு எப்படிக் கால் வழுக்கும் என்று எஸ்டேட்டில் பேச்சு கிளம்பியது. முந்தின நாள் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தான், அங்கே குடித்திருப்பான், அந்த மப்பிலேயே ஏறியிருப்பான் என்றார்கள். பழனி அதைத் தொடுகிற ஆளே இல்லை. அந்தப் பேச்சு கொட்டச்சேடு வரைக்கும் போனது. குடிகாரனுக்குப் பெண் கொடுப்பதா என்று பெண் வீட்டார் கல்யாணப் பேச்சை நிறுத்தினார்கள்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் பிரார்த்தனை மட்டும் செய்தேன். என்ன பிரார்த்தனை தெரியுமா? "தாயே, யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது." அதுதான் முதலில் வந்தது. பிறகுதான் பழனியின் கால். அவன் நடந்துவிட்டால் அடிவாரத்திலிருந்து வெறுங்காலோடு மலை ஏறி வருகிறேன், மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என்னிடம் இருந்த ஒரே ஒரு உண்மையைத் தவிர வேறு எல்லாவற்றையும் தருவதாகச் சொன்னேன். உச்சி மணி அடித்தால் கும்பிடவும் செய்தேன். மண்டலம் நிறைந்தது. செல்வி ஆஸ்பத்திரியில் தம்பிக்குத் துணையாக இருந்தாள். விரதம் முடித்துப் பொங்கல் வைக்க வீட்டில் ஆளில்லை. எனக்கும் வைக்க மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலரும் நானும் வீட்டு வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். கோயில் மணி அடித்தது. நான் எழுந்து கை கூப்பினேன். மலர் எழுந்திருக்கவில்லை. உரித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் கண்ணு, கும்பிடலையா?"

"நான் நிறுத்திட்டேங்ப்பா."

"ஏன் சாமி?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "மாமா உழுந்த அன்னைக்கு மணி அடிக்கயில நான் கிளாஸ்ல நின்னு கும்பிட்டேன். எல்லாருக்கும் நல்லது செய்யின்னு சொன்னேன். நீங்களும் கும்பிட்டிருப்பீங்க. ரெண்டு பேரும் கும்பிட்டும் சாமி மாமாவப் பாத்துக்கலையே. அப்பறம் எதுக்குங்ப்பா?"

கூப்பிய கை அப்படியே நின்றது. என் பொய் பழனியின் பேரைத் தின்றது எனக்குத் தெரியும். என் பிள்ளையின் மனசில் இருந்த சாமியையும் தின்றுகொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் போய் உட்கார்ந்தேன். கை கூப்பக் கூசியது. மடியில் வைத்துக்கொண்டேன். "தாயே, எனக்கு ஒன்றும் வேண்டாம். வாயை மட்டும் திறந்து விடு" என்றேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் பிரார்த்தனை அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் வர ரொம்ப நேரம் ஆகவில்லை. திரும்பி வந்து மலர் எதிரில் உட்கார்ந்தேன். வாய் திறந்தது.

"மாமாவப் பாத்துக்கச் சொல்லி சாமி என்னையத்தான் நிறுத்தியிருந்துச்சு கண்ணு. நான் பாத்துக்கல."

முழுவதும் சொன்னேன். அவள் மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமாவுக்குத் தெரியுமாங்ப்பா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் போனேன். பஸ் மலை இறங்க இறங்க, திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதே வேண்டுதலைச் சொன்னேன்.

செல்வி மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். பழனியின் கட்டிலருகே நின்றே சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை. அவன் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தபடி கேட்டான். நான் முடித்ததும் சொன்னான்.

"நான் தெனமும் சொன்னேனில்லீங்க மாமா."

"ஆமா சாமி, சொன்ன."

"வெளையாட்டுக்குத்தாஞ் சொன்னேன்." ஃபேனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். "நான் குடிச்சுட்டு ஏறுனேன்னு எங்கம்மா காதுபடவே பேசியிருக்கறாங்க. போயி எல்லார்த்துகிட்டயும் சொல்லுங்க. அந்தப் புள்ள ஊட்லயும் சொல்லுங்க."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கதவருகே மருந்துப் பையோடு செல்வி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டுவிட்டாள் என்று புரிந்தது. என்னைத் தாண்டிப் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் காலை எஸ்டேட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பேர் எழுதும் ரைட்டர் பேனாவை மூடிவிட்டு, "இனி ஏணிப் பக்கமே வராத. களையெடுக்கப் போ" என்றார். ராசாத்தி அக்காதான் வாயிலடித்துக்கொண்டு கத்தினார்.

"அட பாவி மனுசா! அந்தப் பையன நாங்களும் வாய்க்கு வந்தபடி பேசினமே. எங்களையுமில்ல பாவத்துல தள்ளிட்ட!"

 

அங்கிருந்து கொட்டச்சேடு போனேன். பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்று கேட்டார். "உங்கள உள்ள கூப்பிட மனசு வருலீங்க. ஆனா வந்து சொன்னீங்க பாருங்க, சேதிய வாங்கிக்கிட்டோம். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோமுங்க" என்றார். சொன்னபடியே குடும்பத்தோடு போய்ப் பழனியைப் பார்த்தார்கள்.

சில நாள் கழித்து நான் களையெடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செல்வி. ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஏனுங்க, தம்பிக்குக் காலு கட்டவெரலு அசஞ்சுதுங்க! நொம்ப இல்ல, கொஞ்சூண்டு. நாம் பாத்தேனுங்க!"

நான் காப்பிச் செடிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். வீக்கம் குறைந்ததால் அசைந்தது என்றார் டாக்டர். அவர் சொல்வது உண்மைதான். நான் உண்மையைச் சொன்னதற்குக் கூலியாகச் சாமி அவன் காலைக் கொடுத்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் மறுபடியும் நான் பெரிய ஆளாகிவிடுவேன். சாமியிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவன் அம்மா கேட்டாள், அக்கா கேட்டாள், மலர் மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தாள். சாமி யாருக்குச் செவி சாய்த்ததோ, பழனி எழுந்தான். குச்சி ஊன்றி நடந்தான். பிறகு குச்சியும் போயிற்று. இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். வைகாசிக் கல்யாணம் அதே பெண்ணோடு ஆவணியில் நடந்தது.

இப்போது எனக்கு விரதம் எதுவும் இல்லை. உச்சி மணி அடித்தால் கையில் இருப்பதை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பிடிக்கிறேன். மண்வெட்டி என்றால் மண்வெட்டி. செல்வி கொடுக்கும் குடம் என்றால் குடம். "தாயே, இதை ஒழுங்காகச் செய்ய வை" என்று மனசுக்குள் சொல்வேன். யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

போன மாசியில் மிளகு ஏற ஆள் போதவில்லை. ரைட்டர் என்னை ஏறச் சொன்னார். பழனிக்கு ஏற முடியாது. ஆனால் அவன் முன்னால் வந்து, "மாமனுக்கு ஏணி நாம் புடிக்கறனுங்க" என்றான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.  ஏறினேன்.

பை நிறைந்தது. கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு கணு இறங்கினேன். மணி அடித்தது.

கீழே பார்த்தேன். பழனி இழுக்கும் காலை மரவேரில் அழுத்தி ஊன்றி, இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து என்னைப் பார்த்தான். அந்தப் பழைய கேலிச் சிரிப்பு முகத்தில் வந்தது.

"கும்பிடறதுன்னா கும்பிடுங்க மாமா. நாம் புடிச்சிருக்கறேன்."

பிள்ளைகளே, எனக்குக் கை கூப்ப முடியவில்லை. மூங்கிலைப் பிடித்திருந்தேன், கண்ணையும் நீர் மறைத்தது. ஒவ்வொரு கணுவாகத் தடவித் தடவி இறங்கினேன். என் காலில் மண் பட்ட பிறகும் அவன் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தான்.

சாமியைத் தேடுகிறீர்கள் என்றால் கோயிலுக்கும் வாருங்கள், பஜனைக்கும் வாருங்கள். மணி அடித்தால் கும்பிடுங்கள். அதற்கு முன்னால், உங்கள் கையை நம்பி யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.