நடுகல் டிவியில் தாய்மாமன் படம்

ராஜபாளையத்தில் பஞ்சுக் கிட்டங்கி ஒன்றின் மாடியில் இருந்துகொண்டு, கேபிளில் மட்டும் வந்து போகும் சேனல் நடுகல் டிவி. முதலாளி வைகுண்டராஜுக்குப் பழங்காசு, கல்வெட்டு என்றால் பித்து. அந்தப் பித்தில்தான் வரலாற்றுக்கென்றே அதைத் தொடங்கினார். பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் ஊரிலிருந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்து எம்.ஏ. வரலாறு முடித்த கௌதம்ராஜுக்கு அந்த மாடி தேடிப்போன கோயிலாகத் தெரிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ‘கல் பேசும்’ என்று அரைமணி நேர நிகழ்ச்சி. முடிவில் ‘தொகுப்பு: கௌதம்ராஜ், எம்.ஏ.’ என்று எழுத்து வரும். அவன் அம்மா பாண்டீஸ்வரி, “எம் மகன் டிவியில பாடம் நடத்துதான்” என்று ரேஷன் கடை வரிசையில் சொல்லாத ஆளில்லை.

பித்து எத்தனை நாளைக்குத் தாங்கும்? விளம்பரம் கொடுக்க வந்த ஜவுளிக்கடைக்காரர், “கல்லைப் பாத்து எவன் சேலை எடுப்பான்?” என்று கேட்டுவிட்டுப் போனார். முதலில் காலையில் பாட்டு வந்தது. பிறகு சமையல், நாய் வளர்ப்பு, காமெடி என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கோயில்களும் கோட்டைகளும் வழிவிட்டு ஒதுங்கின. மிஞ்சியது கௌதமின் அரைமணி நேரம்தான். அதன் அடியிலும் பிறந்தநாள், காதுகுத்து வாழ்த்துகள் படத்தோடு ஓடிக்கொண்டே இருந்தன.

ஒரு வியாழக்கிழமை, கல்வெட்டின் கடைசி வரி முழுவதும் ஒரு கொழுகொழு குழந்தையின் கன்னத்துக்குப் பின்னால் போய்விட்டது. கௌதமுக்கு மனசு ஆறவில்லை. அடுத்த வியாழக்கிழமை, முதலாளி வெளியூர் போயிருந்த தைரியத்தில் வாழ்த்தை நிறுத்தச் சொன்னான்.

“சார், வாழ்த்து ஓடலன்னா வம்பு வரும்” என்றான் கேமராமேன் பெலிக்ஸ்.

“அரைமணி நேரத்துல என்ன வம்பு வந்துரப் போவுது?”

வந்தது. மறுநாள் காலையில் மாடிப்படி அதிர ஏறிவந்தார் சமுத்திரம். செண்பகத்தோப்புப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்.

“எவம்லே அந்தக் கல்லைக் காட்டுனவன்?”

ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவார்கள். அந்த மாமனின் வாழ்த்துப் படம் முந்தின நாள் ஓடியிருக்க வேண்டும்.

“எந்தங்கச்சி அவ மாமியா வீட்டாளுக அம்புட்டுப் பேரையும் டிவி முன்னால கூட்டி வச்சிருக்கா. அரைமணி நேரமும் கல்லு! ‘ஒங்கண்ணன் இதைவிடப் பாக்க லட்சணமால்லா இருப்பாரு’ன்னு மாமியாக்காரி கேக்கா. எந்தங்கச்சி அழுதுட்டா தம்பி.”

ஊர் திரும்பியிருந்த வைகுண்டராஜ் கௌதமைத் தனியே அழைத்தார். “அவரைச் சமாதானப்படுத்துறது ஒம் பொறுப்பு. இல்லன்னா அடுத்த வாரத்துல இருந்து அந்த அரைமணியும் காமெடிக்குத்தான். பொறவு எங்கிட்ட வருத்தப்படக் கூடாது.”

கௌதம் வெளியே வந்தான். “அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை கேமராவோட நாங்களே வாரோம். ஒங்க சீர் ஊர்வலத்தை முழு அரைமணி நேரம் போடுதோம்.”

 சமுத்திரம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னார்: “அடியில வேற எவன் படமும் ஓடக் கூடாது. ஆமா.”

பெலிக்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் கேமராப் பையைத் துடைக்கப் போய்விட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்கிற குன்றின் அடிவார மண்டபத்தில் கொட்டு முழங்க மாமன் சீர் வந்தது. மாலை போட்ட கிடாய்க்குப் பின்னால் மைக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கையில், இதற்கா எம்.ஏ. என்று கௌதமுக்கு உள்ளுக்குள் கரித்தது. பழத்தட்டு, பட்டுத்தட்டு, வெல்லத்தட்டு எல்லாம் போனபின் வந்த ஒரு தட்டில், துருவேறிய ஒற்றைச் சாவி மட்டும் வெற்றிலை மேல் கிடந்தது.

“இது என்ன அண்ணாச்சி?”

“பஞ்சத்துல எங்காளுக ஊரை விட்டு வந்தப்போ பூட்டுன வீட்டுச் சாவி. பொறந்த வீட்டுக் கதவு ஒனக்குத் தொறந்துதான் இருக்குன்னு பொம்பளப் பிள்ளைக்குக் காட்டுறதுக்கு, எங்க சீர்ல எப்பவும் வரும்.”

“வீடில்லாத சாவியக் கொண்டாந்து சீராக்கும்!” என்றாள் தங்கையின் மாமியார் பாண்டிசெல்வி. “பூட்டையாவது கொண்டாந்திருக்கலாம்லா?”

“பூட்டைக் கொண்டாந்தா வீட்டை எவன் காப்பான், அத்தை?” என்றார் சமுத்திரம்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “எந்த ஊரு வீடு?” என்று கௌதம் மைக்கை நீட்டினான். சமுத்திரம் கோவில்பட்டிப் பக்கம் என்றார். அவருடைய சித்தப்பா மைக்கைப் பிடுங்கி, சாத்தூர்ப் பக்கம் என்றார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவர்கள் வீட்டு அத்தைக்காரி, “ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது, எட்டயபுரம்” என்றாள். தனக்கும் ஒரு பூர்வீகம் இருப்பது அப்போதுதான் நினைவு வந்தாற்போல, பாண்டிசெல்வியும் தன் பக்கத்துக் கதையை எடுத்தாள். கௌதம் யாரையும் திருத்தவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தான். உள்ளே கரித்தது எப்போது நின்றதென்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, அடியில் எந்தப் படமும் ஓடாமல், அது ஒளிபரப்பானது. முடிந்ததும் அலுவலக போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: “எங்க வீட்டு விசேஷத்துக்கு எப்ப வருவீக?”

வைகுண்டராஜ் கூப்பிட்டார். “ஒரு மணி நேரமா எடுத்துக்க. ‘கல் பேசும்’ வேண்டாம். ‘மாமன் சீர்’னு பேர் வச்சுருவோம். ஒனக்கு வருத்தமா?”

“பேரு போனாப் போவுது சார். எந்த வீட்டுக்குப் போனாலும், ‘எங்கருந்து வந்தீக’ன்னு நான் கேக்கணும். அதை மட்டும் வெட்டக் கூடாது.”

“அதை வெட்டுனா எவன் பாப்பான்?” என்றார் முதலாளி. பழங்காசைக் கையில் வைத்துப் பார்க்கும்போது வரும் பழைய களை அவர் முகத்தில் வந்திருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா போனில் வந்தாள். “யய்யா, இன்னைக்குத்தான் முழுசும் பாத்தேன்.”

“அப்போ இம்புட்டு நாளும்?”

“கல்லு வந்ததும் கண்ணு சொக்கிரும். கடைசில ஒம்பேரும் எம்.ஏ.வும் வரும்லா, அதுக்கு மட்டும் எழுப்பிவிடச் சொல்லிப் படுத்துக்கிடுவேன்.”

கௌதம் நடுரோட்டில் நின்று சிரித்தான்.

“சிரிக்காதலே. ஒனக்குக் காது குத்தும்போது ஒம்மாமன் கிடாய் வாங்காம ஏமாத்திட்டான். கேமராவ எடுத்துக்கிட்டு நேரா அவன் வீட்டுக்குப் போ. அந்த வரலாறும் டிவியில வரட்டும்.”