ஜோத்பூர் தாண்டி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் லீவுகூட விடாத ஒரு மாதத்தில், அப்பா எங்களை ராஜஸ்தானுக்குக் கூட்டிப்போனார். அவர் ஓட்டுகிற லாரியில்தான். புதுச்சேரியில் ஏற்றிய மெஷின்களை ஜோத்பூர் தாண்டி ஓர் ஊரில் இறக்க வேண்டும். வகுப்பில் எல்லோரிடமும் டூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

டூர் போகிற நிலையில் எங்கள் வீடு இல்லை. முந்தைய மாதம் தம்பி பிறந்து, மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தான். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை; பேச்சும் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் பத்துப் பெண்களின் பேச்சை ஒருத்தியாகப் பேசுகிறவள் அவள். பச்சை உடம்புக்காரியை லாரியிலா ஏற்றுவது என்று தெருவே அப்பாவைத் திட்டியது. அப்பா சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் மெத்தை விரித்தார்.

ஐந்து நாளும் எனக்குக் கொண்டாட்டம். மரம் கண்ட இடத்தில் லாரி நிற்கும். அப்பா ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறாக்குவார். ராத்திரியில் தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டிப் படுப்போம். அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். ஜோத்பூர் தாண்டி, மணலுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பரப்பு தெரிந்ததும், "இங்கயும் உப்பளமா?" என்று கேட்டாள். வழியெல்லாம் அவள் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

அன்று மதியம் நாங்கள் ஒதுங்கிய மரத்தடியில், ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகிற புருஷனும் பெண்டாட்டியும் ஏற்கெனவே தங்கியிருந்தார்கள். அந்தப் பெண் கயிற்றுக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தாள். பக்கத்தில் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அப்பா தன் லாரி இந்தியில் விசாரித்தார். தாய்க்கு இரண்டு நாளாகப் பால் இல்லையாம். துணியில் நனைத்துக் கொடுக்கிற ஆட்டுப்பாலைக் குழந்தை துப்பிவிடுகிறதாம்.

அப்பா எங்களிடம் அதைச் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் அம்மா இறங்கிப்போய், அந்தப் பெண்ணின் எதிரே குந்தி, இரண்டு கையையும் நீட்டினாள். அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நனைந்திருந்த ரவிக்கையைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அம்மா லாரிக்கு அந்தப் பக்கம் போனாள். சற்று நேரத்தில் அழுகை நின்றது.

மந்தையை விட்டுவிட்டு அந்த ஆளால் வர முடியாது. எங்கள் லாரி நம்பரைக்கூடக் கேட்காமல் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டான். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு ஜன்னல் ஓரம் போயிற்று, அம்மாவின் மடியும் போயிற்று.

"அது நம்ப பாப்பா இல்லியே" என்றேன்.

"தெரியும்" என்றாள் அம்மா, குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண்ணுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். லோடு ஏன் இன்னும் வரவில்லை என்று முதலாளி போனில் கத்தவும், அப்பா செல்லை அணைத்துவிட்டார். மறுநாள் காய்ச்சல் விட்டது. இருவரையும் அதே மரத்தடியில் கொண்டுவந்து சேர்த்தோம். அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு, அம்மாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, அவள் பாஷையில் என்னென்னவோ சொன்னாள்.

"நல்லா தண்ணி குடிம்மா, பால் ஊறும்" என்று அம்மா தமிழில் சொன்னாள். அவள் தலையாட்டினாள்.

லாரி கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். "பசிக்குது. எங்கனா நிறுத்துங்க" என்றாள் அம்மா.

அப்பா அங்கேயே ஓரங்கட்டினார். மிச்சமிருந்த சோற்றை ஊறுகாயோடு பிசைந்து தின்ற அம்மா, மறுபடியும் போட்டுக்கொண்டு தின்றாள். எனக்கும் ஓர் உருண்டை ஊட்டினாள். அப்பா சாப்பிட வரவில்லை. இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் பத்துச் சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார். டயரில் ஏதோ பெரிய கோளாறு, இன்றைக்கும் இங்கேயேதான் தங்கப்போகிறோம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.