211ஆம் எண் பூஞ்சை

மௌரீன் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தது 1989 ஜூன் 5, திங்கட்கிழமை. வயது இருபத்து நான்கு. வீடு லிங்கராஜபுரம். கடலில் வாழும் பூஞ்சைகளை இனம் பிரிப்பது அவர் வேலை. பெங்களூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதனால் கரையொதுங்கிய மரத்துண்டுகள் பாலிதீன் பையிலும் கடல்நீர் கேனிலுமாக பஸ்ஸில் வந்து சேரும்.

துண்டுகளை ஈரம் காயாமல் பெட்டியில் மாதக்கணக்கில் வைத்திருப்பார். மரத்தின் மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் கிளம்பும். ஒன்றை ஊசியால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கடல்நீரில் உடைத்தால் வித்துகள் வெளிவரும். வித்தின் நீளம், அகலம், அதில் எத்தனை அறை, நுனியில் இழை உண்டா என்று பார்த்துத்தான் இனத்தைச் சொல்வார்.

"மேடம், இந்தக் கட்டையை அடுப்புல வச்சா ரெண்டு வேளை காபி ஆகும்" என்பார் கடைநிலை ஊழியர் முனிராஜ்.

"உன்னை வச்சா நாலு வேளை ஆகும். போய்யா, பெட்டியை மூடு."

இப்படி அறுபத்தொரு இனங்களை அடையாளம் கண்டார். எல்லாம் முன்பே யாரோ பெயரிட்டவை. 2003 நவம்பரில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு துண்டில் கிடைத்தது மட்டும் எந்த நூலிலும் இல்லை. வித்தின் இரு நுனியிலும் மும்மூன்று இழைகள். ஐம்பது வித்துகளை அளந்து படம் வரைந்தார். "ஒரே துண்டை வைத்துப் பெயரிட முடியாது, மறுபடி கிடைக்கட்டும்" என்றார் அப்போதைய தலைமை விஞ்ஞானி. அதன் பிறகு மௌரீன் நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகளைப் பார்த்தார். கிடைக்கவில்லை. தகடும் சில ஆண்டுகளில் உலர்ந்து கெட்டது. மிஞ்சியது அந்தப் படமும், அந்த வித்துகளிலிருந்து வளர்த்து 211ஆம் எண் கண்ணாடிக் குழாயில் உயிரோடு வைத்திருந்த பூஞ்சையும்தான்.

குழாயில் அது வித்து விடாது, வெறும் சாம்பல் பஞ்சாக வளரும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துப் புதுக் குழாய்க்கு மாற்றாவிட்டால் செத்துவிடும். அதை மௌரீன் வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, நிறம் சகிதம் பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

2009 ஆகஸ்ட் 11 அன்று அவருடைய கணவரைக் கல்பள்ளிக் கல்லறையில் அடக்கம் செய்தோம். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. 14ஆம் தேதி காலை ஒன்பது பத்துக்கு மௌரீன் வந்து நின்றார். குழாய் மாற்றும் கெடு வந்திருந்தது.

"வீட்டுக்குப் போம்மா" என்றேன்.

"வீடு பூரா ஜனம், ஸார். அழுதா தண்ணி குடுக்கறாங்க, அழலேன்னா பாக்கறாங்க. இதை முடிச்சுட்டுப் போறேன்."

அன்று எட்டுக் குழாய்களை மாற்றினார். பழைய குழாய்களை வழக்கம்போல ஒரு மாதம் வைத்திருந்து முனிராஜ் பூஞ்சை சாகும்படி வேகவைத்துக் கொட்டினார்.

2024 பிப்ரவரியில், மௌரீனின் ஓய்வுக்கு ஓராண்டு இருக்கையில், புதிதாக வந்த விஞ்ஞானி கிருத்திகா அவரிடம் சொன்னார்: "இப்ப டி.என்.ஏ. பார்த்தே 211 புது இனம்னு நிரூபிச்சுடலாம், மேடம். பேர் நீங்களே வைங்க." பெயரை யோசித்து வைத்திருப்பதாகச் சொன்ன மௌரீன், அது என்ன என்று சொல்லவில்லை.

முடிவு மார்ச் 19 வந்தது. 211இல் இருந்தது புதிய இனம் அல்ல. பக்கத்துக் குழாயான 212இல் இருக்கும், எந்தக் கரையிலும் கிடைக்கிற சாதாரண இனம். இரண்டு குழாயிலும் ஒரே பூஞ்சை.

"எப்ப மாறிச்சு, ஸார்?" என்று மௌரீன் என்னைக் கேட்டார்.

பதிவேட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். 2009 ஏப்ரலில் மாற்றிய குழாய் வரை 211க்கு நேரே 'சாம்பல், அடியில் லேசான பழுப்பு' என்று இருந்தது. டிசம்பர் முதல் வெறும் 'சாம்பல்'. அந்தப் பழுப்பு போனதை நாங்கள் பார்க்காமல் இல்லை. "வயசாகுது ஸார், அதுக்கும் நரைக்குது" என்று அவர் சிரித்ததும், நான் அப்படியே எழுதிக்கொண்டதும் நினைவிருக்கிறது. இடையில் இருந்தது ஒரே ஒரு மாற்றம். 211க்குள் வைக்க வேண்டியதை 212இலிருந்து எடுத்திருக்கிறார்.

தேதியைப் படித்தேன்.

"இதையாவது காப்பாத்திடலாம்னுதான் அன்னிக்கு ஓடி வந்தேன்" என்றார் மௌரீன்.

211இன் பதிவை முடித்துவிட வேண்டும் என்று நான் பேனாவைத் திறந்து, 'பூஞ்சை அழிந்தது' என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போடத் தொடங்கினேன். மௌரீன் என் கையைப் பிடித்தார்.

"இன்னிக்கு இல்ல, ஸார். அது போன தேதியைப் போடுங்க."

14.8.2009 என்று எழுதினேன். கையெழுத்து அவரே போட்டார்.