தோமானுக்கு ஒரு பட்டுப் பின்னல்

என் கணவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காப்பி ஆறுவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டார். ஒரு தூண்டில் நூலைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவருக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இதை அவரிடமே பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

"பொண்ணு ஒண்ணுதானே இருந்துச்சு. நூல்ல ஏழெட்டு தினுசு இருக்குலா" என்பார்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு தகரக்கொல்லன் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே சீனக் கிழவர் நாள் முழுக்கத் தகரம் தட்டுவார். மேலே இவர் மீனைப் பற்றிப் பேசுவார். இரண்டும் நிற்காத சத்தம். துறைமுகக் கிடங்கில் இவருக்குக் குமாஸ்தா வேலை. ஆனால் அவருடைய உயிர் கடலுக்கு அக்கரையில், நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பழைய குட்டையில் இருந்தது. அந்தக் குட்டையில் தோமான் இருந்தது.

தோமான் என்பது விரால் சாதியில் ராட்சசன். தொடை கனம் இருக்கும், வாய் நிறையப் பல். தவளையைக் கண்டால் தண்ணீர் வெடித்ததுபோல் எழும்பும். போன சீனப் புதுவருஷ லீவில் இவரும் இவருடைய சிநேகிதர் பாயும் அங்கே போய், ஒரு தோமானை மாட்டி, கரைக்கு நாலு முழம் இருக்கும்போது நூல் அறுந்து, வெறுங்கையோடு திரும்பினார்கள். பாய் சூலியா தெருவில் சோற்றுக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல மீன் வளர்ந்தது. என் கணவரின் மானம் குறைந்தது.

"நூல்தான் கோளாறு" என்று இவர் தீர்மானித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நூல் ஆராய்ச்சி.

முதலில் துறைமுகத்தருகே கப்பல் சாமான் விற்கும் சீனர் கடையிலிருந்து முறுக்கிய நார் நூல் வந்தது. பிறகு மெழுகு தேய்த்த லினன் நூல். பிறகு வலைக்காரர்கள் மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைக்கும் பருத்தி நூல். ஒவ்வொன்றையும் முதல் நாள் தண்ணீரில் ஊறவைப்பார். மறுநாள் ஜன்னல் கம்பியில் கட்டி, தெருப்பக்கம் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றுவார். எத்தனை குவளைக்கு அறுகிறது என்பது கணக்கு.

நார் நூல் பதினோராம் குவளைக்கு அறுந்தது. வாளி நேரே கீழே, தகரக்கொல்லர் கடை வாசலில் விழுந்தது. நல்ல வேளை, அஞ்சடி நடைபாதையில் அப்போது ஆளில்லை. கிழவர் வெளியே வந்து மேலே பார்த்தார். வாளியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே போய் நசுங்கலைத் தட்டி எடுத்து, மாடியேறி வந்து என் கையில் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டார்: "நாளைக்கும் உண்டா? உண்டென்றால் கடையைத் திறக்கும் முன்பே போட்டுவிடச் சொல்."

கடைசியில் முறுக்கு நூலே வேண்டாம் என்று முடிவாயிற்று. முறுக்கியது தண்ணீரில் பிரியும், சுருளும், மீன் சுழன்றால் கூடவே சுழலும். பின்னிய நூல் அப்படிச் செய்யாது. இதை எனக்கு விளக்க, தலை வாரிக்கொண்டிருந்த என் ஜடையையே பிடித்தார்.

"இப்ப பாரு. இது பின்னல். இழுத்தா நேரா நிக்குது. திருகினாலும் திரும்பி வந்துடுது. இதுல மூணு புரி. கடையில இருக்கிறது எட்டுப் புரி, சுத்தப் பட்டு."

"வலிக்குது, விடுங்க."

"அறுந்துச்சா? அறல பாத்தியா!"

பீச் ஸ்ட்ரீட்டில் துரைமார்கள் சாமான் வாங்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பட்டுப் பின்னல் நூல் தேன் நிறத்தில், மர உருளையில் சுற்றியிருந்தது. நாற்பது கஜம் வாங்கி வந்தார். ஞானஸ்நானம் கொடுத்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். எனக்குத் தொட அனுமதி இல்லை. "கையில எண்ணெய் இருக்கும்" என்றார். பிஸ்கட் டின்னில் வைத்து மூடி அலமாரி மேல் வைத்தார். அடுத்த நீண்ட லீவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

தொடாதே என்று சொல்லியிராவிட்டால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். இது சத்தியம்.

ஒரு வாரம் கழித்து நல்ல மழை. மாடிப் பின்கட்டில் துணி காயப்போடும் தேங்காய்நார்க் கயிறு, நனைந்த கம்பளியின் பாரம் தாங்காமல் அறுந்து விழுந்தது. துவைத்த துணியெல்லாம் கீழே முற்றத்துச் சேற்றில். மறுபடி அலசி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், கண் முன்னே அலமாரி. அதன் மேல் டின். எட்டுப் புரி, சுத்தப் பட்டு. ஐந்து வாரம் கேட்ட பிரசங்கம் உண்மையா என்று பார்த்துவிட வேண்டியதுதானே?

இருபது கஜம் அளவுக்கு இழுத்து, தூணுக்குத் தூண் மூன்று சுற்றுக் கட்டினேன். கம்பளி, இரண்டு போர்வை, அவருடைய கால்சட்டைகள், எல்லாவற்றையும் போட்டேன். நூல் அசையவில்லை. சாயந்தரம்வரை தாங்கியது. பரவாயில்லையே என்று மனத்துக்குள் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. துணியை அள்ளி, நூலை அவிழ்த்து, ஈரத்தோடு உருளையில் சுற்றி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். அவர் உள்ளே வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பட்டு நூலை ஈரத்தோடு மூடி வைக்கக்கூடாது என்பது அந்தப் பிரசங்கத்தில் ஒரு பகுதி. அந்தப் பகுதியில் நான் தூங்கியிருக்க வேண்டும்.

நாலு வாரம் கழித்துத் தூசி தட்டும்போது டின்னைத் திறந்து பார்த்தேன். நனைந்த நாய் வாடை அடித்தது. நூல்மேல் சாம்பல் பூத்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து லேசாக இழுத்தேன். வெந்த சேமியாபோல் வந்துவிட்டது. மேலேயிருந்த இருபது கஜமும் போயிற்று. உருளையின் அடியில் இருந்த இருபது கஜம் மெழுகு கலையாமல் திடமாக இருந்தது. மீன்பிடிக்கப் போக மூன்று வாரம் பாக்கி.

சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தபோது மதர்மார் எனக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உருண்டைத் தலையணையில் ஊசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூல் சுற்றி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. நாலு கட்டையில் உருண்டையாக ஒரு நாடா பின்னுவது முதல் பாடம். எட்டுக் கட்டை எனக்கு வராது. தோமான் புரியை எண்ணியா கடிக்கப்போகிறது?

பட்டு நூல் வேண்டுமே! அதுவும் இருந்தது. கோயில் பீடத்துணிக்குப் பூவேலை செய்ய மதர் என்னிடம் கொடுத்து வைத்திருந்த வெள்ளைப் பட்டு. கட்டைக்கு மூன்று இழை சேர்த்துச் சுற்றினேன். அவர் வேலைக்குப் போனதும் உட்காருவேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கஜம். கை தவறினால் பிரித்து மறுபடி. தேயிலைச் சாற்றில் இரண்டு நாள் ஊறப்போட்டுத் தேன் நிறம் கொண்டுவந்தேன். நிழலில் நன்றாகக் காயவைத்தேன், இந்தத் தடவை. மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். பழைய நல்ல பாகத்தோடு முடிச்சுப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார் என்று, இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஊசியால் தைத்து, மேலே மெல்லிய பட்டால் சுற்றி இறுக்கினேன். தடவினால்கூடத் தெரியாது.

பீடத்துணிப் பட்டு மனத்தை அரித்தது. சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர், "பட்டைத் திருப்பி வாங்கி வைத்துவிடு மகளே" என்றார். அதோடு விடாமல், "அந்த நூல் தாங்குமா?" என்று கேட்டார். தெரியாது சாமி என்றேன்.

தெரியாததால்தான் நானும் கூட வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சோறு கட்டித் தருகிறேன் என்றதும் பாய் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "தங்கச்சியும் வரட்டுமே. போன தடவ பட்டினியில்ல கெடந்தோம்?"

விடிந்ததும் ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலில் நிபோங் திபால், ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் தோட்டம். வழியெல்லாம் இவர் நூலைப் பாய்க்குக் காட்டிக்கொண்டு வந்தார். "தொட்டுப் பாருங்க பாய். சீமைச் சரக்கு. இந்த வழவழப்பு நம்மூர் நூல்ல வருமா?" பாய் தொட்டுப் பார்த்து, "வராது வராது" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குட்டையில் தாமரை இலை அடர்ந்திருந்தது. பல்லுக்குத் தப்ப நூல் நுனியில் ஒரு சாண் பித்தளைக் கம்பி, அதில் தூண்டில், தூண்டிலில் தவளை. முதல் வீச்சு, இரண்டாம் வீச்சு, ஒன்றுமில்லை. பத்து மணிக்குமேல் வெயில் ஏறியது. பாய் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அப்போது இலைகளுக்கு நடுவே தண்ணீர் வாய் பிளந்தது.

"மாட்டிடுச்சு! பாய், மாட்டிடுச்சு!"

உருளை கிரீச்சென்று சுழன்றது. பிரம்பு வில்லாக வளைந்தது. என் தேயிலை நிற நூல் முழுவதும் தண்ணீருக்குள் ஓடி, நான் தைத்த இடமும் பிரம்பு நுனியைத் தாண்டிப் போனதைக் கண்ணால் கண்டேன். பதுவை அந்தோணியாரே, இருபது மெழுகுவர்த்தி, நாற்பது மெழுகுவர்த்தி என்று வாய்விட்டே வேண்ட ஆரம்பித்துவிட்டேன்.

"ஏன் அழுவுற? சீமை நூலு! யானைய கட்டி இழுக்கலாம்!" என்று இவர் கத்தினார்.

மீன் புதருக்குள் புகுந்தது. வெளியே வந்தது. ஒரு தடவை முழு உடம்பையும் காற்றில் காட்டிவிட்டு விழுந்தது. கடைசியில் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்து, செவுளில் கைவிட்டுத் தூக்கினார். தோட்டத்துத் தராசில் பதினாலு ராத்தல். இவர் மீனை முத்தமிடவில்லை, நூலை முத்தமிட்டார். நான் அதைப் பார்த்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று பாய் நினைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். திரும்பி வந்ததும் இவர் உட்கார்ந்து நல்ல இங்கிலீஷில் கடைக்குக் கடிதம் எழுதினார். உங்கள் பட்டு நூல் போல உலகில் நூல் இல்லை, தோமான் அதன்முன் தோற்றது, இப்படி ஒரு பக்கம். கடைக்காரர்கள் அதைச் சட்டம் போட்டுக் கண்ணாடி ஜன்னலில் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, எனக்கு.

ஒரு மாதம் சென்று அந்தக் கடையில் விற்பனைக்கு நிற்கும் சீனர் சொல்லியனுப்பினார். ஒரு தோட்டத்துத் துரை மீன் பிடித்த அதே நூலைப் பார்க்க வேண்டுமாம். இவர் உருளையோடு போனார். துரை நூலைக் கையில் வாங்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, புது உருளை இரண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். இவரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "இதில் நாலு புரி. எங்கள் நூல் எட்டுப் புரி. இது எங்கள் சரக்கு இல்லை, சார்."

இவர் வாதாடினார். கடைக்காரர் நூலைப் பிரித்து அடிப்பாகத்தைக் காட்டினார். அங்கே எட்டு. இணைத்துத் தைத்திருந்த இடத்தையும் காட்டினார். "அருமையான தையல்" என்றாராம்.

அன்று சாயந்தரம் இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றார்.

"எத்தன புரி?"

"என்னது?"

"நடிக்காத. எத்தன புரி?"

"நாலு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கம்பளியிலிருந்து ஆரம்பித்து மெழுகுவர்த்தி நேர்த்திக்கடன்வரை. அவர் போய்ச் செருப்பைக் கழற்றினார். சாப்பிட உட்கார்ந்தார். மூன்று தோசை உள்ளே போனது. நாலாவதில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், மூக்கில் சட்னி ஏறும் அளவுக்கு.

"சரி, அந்தக் கடுதாசிய நாளைக்கே எடுக்கச் சொல்லுங்க. பொய்யாச்சே" என்றேன்.

"கேட்டேன். தர மாட்டேங்கிறான். அதப் பாத்து நாலு தொரைங்க நூல் வாங்கிட்டானுங்களாம். 'நீங்க பொய் சொல்லலியே சார், உங்களுக்கே தெரியாதுதானே'ங்கிறான்."

அது வெயிலில் மஞ்சளாகி எழுத்து மங்கும்வரை அந்த ஜன்னலிலேயே இருந்தது.

பாய்க்கு விஷயம் தெரிந்ததும் தனக்கும் ஒரு நூல் வேண்டும் என்றார். கூலியாக வாரம் ஒரு நாள் மீன் தலைக் கறி என்று நான் பேசி முடித்தேன். என் கணவரும் கேட்டார்; கெஞ்சித்தான் கேட்டார். மழை நாளில் துணி எடுத்து உள்ளே போடுவது அவர் பொறுப்பு என்று எழுதி வாங்காத குறையாக ஒப்புக்கொள்ள வைத்தேன். மடத்துக்குப் பட்டை இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுத்தேன்.

நைலான் என்ற பேரையே யாரும் கேள்விப்படாத காலம். என் நூல் நாலைந்து தோமான்களை இழுத்தது. அதற்கு அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் இவர் நிபோங் திபாலிலிருந்து வெறுங்கையோடு, ஆனால் வாயெல்லாம் பல்லாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே அறுந்த நூல் நுனி.

"ஒன் நூலு அந்துடுச்சு!" என்றார். மீன் போன துக்கம் கொஞ்சமும் இல்லை.

நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனி பிசிறு பிசிறாக இல்லை. கத்தி வைத்ததுபோல் இருந்தது.

"இது அறுந்ததில்ல. கடிச்சது. கம்பிய ஒரு சாண் வைக்காம பாதி சாண் வச்சிருக்கீங்க."

அவர் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, பாயிடம் நியாயம் கேட்க அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.