ஆடி மாதத்து மோட்டார் ரிப்பேர்

கிணத்துக்கடவு ரூபனுக்கு அளவுதான் பிழைப்பு. கோயம்புத்தூரில் ஒரு பம்புப் பட்டறையில், கடைசலாகி வரும் ஷாஃப்டுகளை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கி வைப்பான். நூலளவு பிசகினாலும் விடமாட்டான். அப்படிப்பட்டவன் சொந்தப் பிள்ளையின் கணக்கில் ஒரு மாதத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தான்.

காரணம் ஆடி. கல்யாணமான முதல் ஆடிக்கு அவன் மனைவி சண்முகப்ரியாவை உடுமலைப்பேட்டையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆடியில் கூடினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பது ஊர்ப் பேச்சு. ரூபன், மாமியார் வீட்டு மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி ஞாயிறுதோறும் பைக்கை எடுத்தான். அந்த மோட்டாருக்கு இன்றுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை.

ப்ரியாவுக்கு நாள் தள்ளிப்போனது. ஆடிக்கு முந்தியே உண்டானதாக இருக்கட்டும் என்று, கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை எல்லோரிடமும், டாக்டரிடமும்கூட, ஒரு மாதம் முன்னதாகச் சொன்னார்கள். உண்மை தெரிந்துவிடும் என்று முதல் ஸ்கேன்களை ரூபன் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தான். எந்தத் தேதியைச் சொன்னாலும் பிள்ளை சித்திரையில்தான் வரும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

தை மாதம், ஆர்.எஸ்.புரத்தில் ஸ்கேன். ரூபனின் அம்மா ராமாத்தாளும் கூட வந்திருந்தாள். டாக்டர் உம்மல் குல்சும் தலை, வயிறு, தொடை எலும்பு என்று திரையில் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"எட்டு மாசம்னு சொல்றீங்க. எல்லா அளவும் ஏழு மாசத்துக்குத்தான் இருக்கு. தேதி சரின்னா குழந்தை சரியா வளரலைன்னு அர்த்தம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். முன்னாடியே எடுக்க வேண்டி வரலாம். தேதி நிச்சயந்தானுங்களா?"

ப்ரியா மாமியாரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு அளவு குறைந்தால் சாமானில் கோளாறு, எல்லாமே ஒன்றுபோலக் குறைந்தால் முதலில் வரைபடத்தில் போட்ட அளவைச் சரிபார் என்று பட்டறையில் மற்றவர்களுக்குச் சொல்பவன் ரூபன். மானம் போனால் போகட்டும், பிள்ளையை அரைகுறையாக எடுத்துவிடக் கூடாது.

"ஏனுங்க டாக்டர், தேதி தப்புங்க. ஒரு மாசம் முன்னாடியா சொல்லிப்போட்டோம்" என்றான். பிறகு சுவரைப் பார்த்து, "ஆடியிலங்க" என்றான்.

டாக்டர் கணக்கை மாற்றிப் போட்டார். "அப்படின்னா எல்லாமே அளவாத்தான் இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொருக்கா பாத்து உறுதி பண்ணிக்கலாம்."

ப்ரியா அழுதுவிட்டாள். ரூபனுக்கும் கண் நிறைந்தது.

வெளியே வந்ததும் ராமாத்தாள் தெருவில் வைத்துச் சொன்னாள்.

"நீயுஞ் சித்திரையில பொறந்தவந்தான். பள்ளிக்கூடத்துல ஜூன்னு நாந்தான் சொல்லிப்போட்டேன்."

வருடா வருடம் ஜூனில் கேக் வெட்டுகிற ரூபன் சட்டைப்பையில் சாவியைத் தேடினான்.

"அப்ப நான் ஆடியில உடுமலைக்குப் போனது..."

"தெரியுங் கண்ணு. ஸ்பேனர் எடுக்காம எவன் மோட்டாரு ரிப்பேருக்குப் போவான்?"