முன் சீட்டுக்கு அடியில் வெள்ளிச் செருப்பு

என் காரின் முன் சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி வெள்ளி நிறக் குதிகால் செருப்பு கிடக்கிறது. நியூ ஜெர்சியின் ஐசலினில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த பாடகியுடையது. அவர் வீட்டைக் காலி செய்து போய் இரண்டு மாதமாகிறது.

லாண்டரி அறையில்தான் பழக்கம். இளம் வயதில் சோல், ப்ளூஸ் என்று கறுப்பின மக்களின் பாட்டுகளைப் பாடி இரண்டு இசைத்தட்டு வெளியிட்டவர். இசைத்தட்டுக் கம்பெனியை மூடிவிட்டார்கள், கணவர் அடித்தார், பிறகு குடி. குடித்து ஓட்டியதில் லைசென்ஸும் போயிற்று. துணி மடித்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததுபோல இதையெல்லாம் சொல்வார். ஒன்பது மாதமாகக் குடிக்கவில்லை என்பதை மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

நியூவர்க்கில் ஒரு சின்ன கிளப்பில் ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பாட அழைத்திருந்தார்கள். பல வருடம் கழித்து வந்த அழைப்பு. கொண்டுபோய் விடுகிறேன் என்று நான்தான் சொன்னேன். அன்று காலையில்தான் உறைத்தது, நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். முன்பு ஒருமுறை அந்த நேரத்தில் கிளம்பிப்போய்தான் பார்க்வே நெடுஞ்சாலையில் அடிபட்டோம். பின் சீட்டில் மகள் இருந்தாள். நாலரைக்கு முன்பே கிளம்பலாமா என்றேன். தலை அலங்காரம் முடிய ஐந்தாகும் என்றார். டெக்சாஸில் வேலையாக இருந்த என் கணவர் போனில் சிரித்தார். "உன் ராகு காலம் சென்னை டைமா, ஜெர்சி டைமா? போய் டிராப் பண்ணிட்டு வா."

ஐந்துக்கு நான் கிளம்பவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு என்று பொய் சொன்னேன். நீல கவுனில், இந்தச் செருப்போடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர் டாக்ஸி கூப்பிடட்டுமா என்றார். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றேன். மூன்று முறை சொன்னேன்.

ஆறுக்குப் பிறகு கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது மேடையில் வேறொரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கிளப்காரர் இவர் முகத்தைப் பார்க்காமல் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்.

திரும்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்கு மட்டுமாகப் பாடினார். அந்த இசை எனக்குத் தெரியாது. உடைந்துவிடப்போகிறது என்று நான் பயந்த இடத்திலெல்லாம் அந்தக் குரல் உடையாமல் இறங்கியது. சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றிருந்தேன். பின்னால் ஹாரன்.

"போ பேபி, வண்டி நல்லாத்தான் ஓடுது," என்றார்.

செருப்பை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றார். யாரும் கூப்பிடவில்லை. அந்த வாரமே மறுபடி குடிக்கத் தொடங்கினார். என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேற்று ஞாயிறு. வண்டி ஓட்டிப் பழக பர்மிட் வாங்கியிருக்கும் மகள் நாலே முக்காலுக்குச் சாவியை எடுத்தாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பார்த்தவள், "ஹூஸ் ஷூஸ், அம்மா? தூக்கிப் போட்டுடவா?" என்றாள்.

இருக்கட்டும், நீ வண்டியை எடு என்றேன்.