பாராசூட் விரிந்ததா?

என் தம்பி போர் விமானம் ஓட்டுகிறவன். எல்லையில் சண்டை மூண்டு ஓய்ந்த அந்தக் கோடையில் எதிரி விமானம் ஒன்றை வீழ்த்தினான். படையில் அவன் பெயரை வெளியே சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் ஊர் வெண்ணந்தூருக்கு எப்படியோ சேதி வந்துவிட்டது. பத்து நாள் லீவில் அவன் வந்தபோது பஸ் நிறுத்தத்திலேயே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘எதிரியை எரித்த எங்கள் சிங்கமே’ என்று கொட்டை எழுத்து. அவன் தலைக்குப் பின்னால் தீப்பிழம்பு.

கட்டியவர் எங்கள் சித்தப்பா. நாலு லாரிக்குச் சொந்தக்காரர். அப்பா போனபின் தம்பியின் படிப்புக்காக அலைந்தவர் அவர்தான்.

“இதைக் கழட்டிருங்க சித்தப்பா” என்றான் தம்பி, பையைக்கூடக் கீழே வைக்காமல்.

“ஏஞ்சாமி, போட்டோ நல்லா இல்லையா?”

“போட்டோ நல்லாத்தாங்க இருக்குது. அந்த எழுத்துத்தான் வேண்டாமுங்க.”

சித்தப்பாவுக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஆனாலும் ஆளை விட்டுக் கழற்றிவிட்டார்.

அப்புறம் ஊரே வீட்டுக்கு வர ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள், அவனோடு படித்தவர்கள், எங்கள் தறிக்கூடத்தில் துண்டு மடிக்கிற பெண்கள். எங்கு சுற்றினாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றது. “உள்ள இருந்தவன் செத்துட்டானுங்களா?” ஒவ்வொரு முறையும் தம்பி “தெரியலைங்க” என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். தோசையைப் பாதியில் வைத்தான். ஆட்டுக்கறிக் குழம்பு அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நூல் சுற்றிய பாவு உருளைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனிடம் டீயைக் கொடுத்துவிட்டு, “என்னதான் சாமி நடந்துச்சு?” என்றேன்.

“என்கூடப் பறந்தவனை அந்த விமானம் துரத்திட்டு வந்துச்சுக்கா. நான் அடிக்கலைன்னா அவன் போயிருப்பான். கண்ணால எதையும் பாக்கலை. திரையில ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஏவுகணையை விட்டேன். கொஞ்ச நேரத்துல புள்ளி இல்லை. விழுந்துருச்சுன்னு கீழே இருந்து சொன்னாங்க.”

“அப்புறம்?”

“இறங்குனதும் எல்லாரும் கட்டிப்பிடிச்சாங்க. நானும் சிரிச்சேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை. நாங்க விமானத்தைத்தான் கணக்கு வெப்போம், ஆளை இல்லை. ரூமுக்குப் போய் ஷூவைக் கழட்டும்போதுதான், பாராசூட் விரிஞ்சுதா, விரியலையான்னு நினைப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் போகவே மாட்டேங்குது.”

 உண்மையைச் சொன்னால், அந்த இன்னொருவனைப் பற்றி அதுவரை நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. சண்டை நடந்த நாட்களில் என் தம்பி திரும்பி வரவேண்டும் என்பது மட்டும்தான் என் வேண்டுதல். அவன் இதைச் சொன்னபோதும் என் கவலை தம்பி சாப்பிடவில்லையே என்பதுதான். “நீ உசுரோட வந்தியே, அது போதும்” என்றேன். அது அவனுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆறாம் நாள் காலை நான் தக்காளி அரிந்துகொண்டிருந்தேன். கையில் செல்போனோடு சமையலறைக்குள் வந்தான். அவனோடு வேலை பார்க்கிறவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி. காலில் கட்டோடு, கன்னத்தில் சிராய்ப்போடு ஒருவன் கட்டிலில் கிடந்தான். பேட்டி எடுப்பவரிடம் ஏதோ சொல்லி, வலியில் முகத்தைச் சுளித்தான்.

“இவந்தாங்கா. இருக்கான்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“அதே நாள், அதே இடம். குதிச்சுட்டான்.”

நாலைந்து தடவை திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு அம்மிக்கல்மேல் உட்கார்ந்து, ஜுரம் விட்டவன்போல மூச்சை இழுத்து விட்டான். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. “பசிக்குதுக்கா” என்றான். ஆறு தோசை தின்றான். நான் எண்ணவில்லை, அவனே சொன்னான்.

சித்தப்பா வந்ததும் வாசலுக்கே ஓடிப்போய் வீடியோவைக் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முதலில் ஏமாந்த மாதிரித்தான் இருந்தது.

“அப்ப, விமானம் போனது போனதுதானே?”

“போனது போனதுதாங்க.”

“அப்பறம் என்ன. இவன் போய் அவங்க ஆயா கையால சோறு தின்னட்டும்” என்றவர், தோளில் கிடந்த துண்டால் தம்பியின் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார்.

அவர் போனபின் கேட்டேன். “மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தா?”

“அடிப்பேன்க்கா.” யோசிக்கவே இல்லை. “கூட வர்றவனை விட்டுட்டு வர முடியாது. ஆனா குதிச்சுத் தப்பிச்சுக்கடான்னும் நினைப்பேன்.”

செல்போனை வாங்கி இன்னொரு முறை பார்த்தேன். என் தம்பி வயதுதான் இருக்கும். மீசையை ஒழுங்காகக் கத்தரித்திருந்தான்.

“இவனுக்குக் கால் சரியாயிருமா?” என்றேன்.

“ஆயிரும். ஆனா மறுபடி ஓட்ட விடுவாங்களான்னு தெரியலை” என்றான் தம்பி.